அப்போசிஷன்: ‘ஒட்டுப்பெயர்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஆங்கில இலக்கணக் கையேட்டுக்கு ‘அப்போசிஷன்’ என்பதற்கு ஒரு சொல் தேவை. ஒரு பெயரை அடுத்து, அதே ஆளையோ பொருளையோ குறிக்கும் இன்னொரு பெயர் வந்து நிற்பது. ‘மை அங்கிள், எ டாக்டர், லிவ்ஸ் இன் மதுரை’ என்பதில் ‘எ டாக்டர்’. நம் மாணவர்கள் அந்த ‘எ’யைத்தான் விழுங்கிவிடுகிறார்கள். நன்னூல் ‘ஒருபொருட்கு இருபெயர் வந்தவும்’ என்று சொல்வது கிட்டத்தட்ட இதே செய்தி. அதனால், வாழைமரம் போல ஒரு பொருளுக்கு இரு பெயர் ஒட்டி வரும் இருபெயரொட்டைச் சுருக்கி ‘ஒட்டுப்பெயர்’ என்று வைத்திருக்கிறேன்.

> ‘ஒட்டுப்பெயர்’ என்று வைத்திருக்கிறேன்.

ஐயா, முன்னொட்டு, பின்னொட்டு என்று மொழியியலார் அந்த ‘ஒட்டு’வை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். ஒட்டுப்பெயர் என்றால் படிப்பவர் விகுதியைத் தேடுவார். தவிர, வாழைமரம், சாரைப்பாம்பு எல்லாம் தொகை. ‘ஆகிய’ மறைந்து ஒரே சொல்லாய் நிற்பவை. நடுவில் காற்புள்ளிக்கு இடமே இல்லை. ஆங்கிலத்திலோ ‘தி பொயட் கீட்ஸ்’ என்று நெருங்கியும் வரும், ‘கீட்ஸ், எ பொயட்,’ என்று விலகியும் வரும். ‘ஆகியபெயர்’ எனலாமா என்றால், பக்கத்திலேயே ஆகுபெயர் உட்கார்ந்திருக்கிறது, குழப்பம்தான். ‘உடன்பெயர்’ என்பது என் பரிந்துரை. நெருங்கி வருவது செறி உடன்பெயர், காற்புள்ளியோடு வருவது விரி உடன்பெயர்.

> செறி உடன்பெயர், விரி உடன்பெயர்

இந்தப் பிரிவு இல்லாமல் எ, தி இரண்டையும் விளக்கவே முடியாது. ஆகவே எனக்குச் சம்மதம்.

விரி வகைக்கு நடுவில் ‘ஈஸ்’ போட்டுப் பார்த்தால் போதும். ‘மை அங்கிள் ஈஸ் எ டாக்டர்’ என்று வருவதால் ‘எ டாக்டர்’. பாரிஸ் ஒன்றே தலைநகர், எனவே ‘பாரிஸ், தி கேபிடல் ஆஃப் ஃபிரான்ஸ்’. லியோன் பல நகரங்களில் ஒன்று, எனவே ‘லியோன், எ சிட்டி இன் ஃபிரான்ஸ்’. ஒருவரே வகிக்கும் பதவியானால் எதுவும் இல்லாமலும் வரலாம்: ‘லிங்கன், பிரசிடென்ட் ஃப்ரம் 1861 டு 1865’. உடன்பெயர் வாக்கியத்தின் நடுவில் வந்தால் காற்புள்ளி இரண்டு. பாதிப் பேர் இரண்டாவதை மறப்பார்கள்.

செறி வகையில் ‘ஈஸ்’ சோதனை காலை வாரிவிடும். ‘கீட்ஸ் வாஸ் எ பொயட்’ சரி. ஆனால் ‘எ பொயட் கீட்ஸ்’ தவறு, ‘தி பொயட் கீட்ஸ்’ என்றுதான் வரவேண்டும். எந்தக் கவிஞர் என்பதைப் பின்னால் வரும் இயற்பெயர் உறுதி செய்துவிடுகிறது, உறுதியானதற்கு ‘தி’. ‘தி நம்பர் செவன்’, ‘தி இயர் 1947’ எல்லாம் இதே கணக்கு.

நம்மவர் தடுமாறுவதற்குக் காரணம் தமிழில் ‘எழுத்தாளர் புதுமைப்பித்தன்’ என்று வெறுமனே சொல்வது. அதை அப்படியே பெயர்த்து ‘ரைட்டர் புதுமைப்பித்தன்’ என்கிறோம். அமெரிக்கச் செய்தித்தாள்களில் இந்த நடை உண்டு. கட்டுரைத் தேர்வில் ‘தி ரைட்டர்’ என்று எழுதுவதே நல்லது. ‘குவீன் விக்டோரியா’ வேறு. அது பட்டம், பெயரின் பகுதி, ‘தி’ ஏறாது.

> வாழைமரம், சாரைப்பாம்பு எல்லாம் தொகை

ஒரு சிறு சுவை: ‘தி ரிவர் தேம்ஸ்’ என்பதில் பொதுப்பெயர் முன்னால். ‘தி மிசிசிப்பி ரிவர்’ நம் வாழைமரம் போலச் சிறப்புப்பெயரை முன்னால் வைக்கிறது. இரண்டிலும் ‘தி’ உண்டு.

> உடன்பெயர்

சரி, ஒட்டுப்பெயரை எடுத்துவிடுகிறேன். ‘அலெக்சாண்டர் தி கிரேட்’ எதில் சேரும்?

> ‘அலெக்சாண்டர் தி கிரேட்’

‘கிரேட்’ பெயரடை, தனிப் பெயர்ச்சொல் அல்ல. இங்கே நுழைத்தால் ‘ஈஸ்’ சோதனையும் கெடும். பட்டப்பெயர் பக்கத்துக்கு ஒரு சுட்டு மட்டும் போட்டுவிடுங்கள்.