விற்ற ஆம்ப்ளிஃபையரில் ஒரு பக்கம் சத்தம் வரவில்லையாம், என்ன செய்வது?

பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை ஆன்லைனில் விற்று கூரியரில் அனுப்பினேன். பேக் செய்வதற்கு முன் இரண்டு சேனலும் பாடுவதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், பின்பக்கத்து சீரியல் நம்பரும் அதில் தெரிகிறது. இப்போது வாங்கியவர், இடது பக்கம் சத்தமே இல்லை, மூடியில் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது, பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார். அனுப்பியது மூலையின் போட்டோ மட்டும்தான். பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை, ஆனால் பாதி என்பது எந்தக் கணக்கு? கொடுத்து முடித்துவிடலாமா, பொருளைத் திருப்பி அனுப்பச் சொல்லலாமா?

வால்வுரேடியோ:
பணம் பற்றி இப்போது பேசவே பேசாதீர்கள். அட்டைப்பெட்டி, தெர்மோகோல் எதையும் தூக்கிப் போட வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள், நஷ்டஈட்டுக்கு கிளெய்ம் என்று போனால் கூரியர்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள். பெட்டியின் ஆறு பக்கமும் போட்டோ வேண்டும், லேபிள் தெரிகிற மாதிரி. அப்புறம், பேச்செல்லாம் விற்ற தளத்தின் மெசேஜிலேயே இருக்கட்டும், போனில் பேசினால் நாளைக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. கிளெய்முக்குக் கெடு உண்டு, இன்றே பாருங்கள்.

சாலிடர்:
கோளாறு ஆம்பில்தானா என்று முதலில் தெரிய வேண்டும். ஆஃப் செய்துவிட்டு இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை ஆம்பின் பின்னால் மாற்றிச் செருகச் சொல்லுங்கள். அப்போதும் அதே ஸ்பீக்கர்தான் ஊமை என்றால் ஸ்பீக்கரோ வயரோதான் காரணம். ஊமை அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால், பாட்டு ஆம்புக்குள் வருகிற இன்புட் வயர்களையும் அதே மாதிரி மாற்றிப் பார்க்க வேண்டும், அதிலும் மாறவில்லை என்றால் ஆம்ப்தான். பேலன்ஸ் குமிழ் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், இதற்கே சண்டை போட்டவர்கள் உண்டு. வால்யூமைக் கூட்டினால் சத்தம் திடீரென்று வருகிறது என்றால் பெரும்பாலும் ரிலே (ஸ்பீக்கருக்குப் போகிற இணைப்பைத் திறந்து மூடும் உள் சுவிட்ச்) காண்டாக்ட் கறுத்திருக்கும், அது வயதுக் கோளாறு. கீழே விழுந்த அடி வேறு மாதிரி: எடையெல்லாம் டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பதால் சேஸிஸ், அதாவது எல்லாவற்றையும் தாங்குகிற உலோகச் சட்டம், வளைந்து, போர்டில் விரிசல் விழும், சாலிடர் பற்றவைப்பு விட்டுப்போகும். உள்ளே ஏதாவது உருளுகிற சத்தம் கேட்டால் கரண்ட் கொடுக்கவே கூடாது. அவரைத் திறந்து பார்க்கவும் சொல்லாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கெபாசிட்டரில் சார்ஜ் இருக்கும்.

பழையரெக்கார்டு:
வீடியோ இருக்கிறதே என்று அவரோடு மல்லுக்கட்டாதீர்கள். உங்களிடமிருந்து கிளம்பும்போது நன்றாக இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி, வழியில் உடைந்ததற்கு அவர் என்ன செய்வார்? பேக்கிங் நம் வேலை, பத்திரமாகப் போய்ச் சேரும்வரை பொறுப்பும் நம்முடையது என்பதுதான் என் கருத்து. அதற்காகப் பாதியைத் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். அவர் பக்கத்திலேயே ஒரு மெக்கானிக்கிடம் காட்டி எஸ்டிமேட் வாங்கட்டும், அந்தச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பொருளை வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள், ஆனால் அத்தனை கனமான பொருள் இன்னொரு தடவை கூரியரில் வருவது எனக்கு உவப்பாக இல்லை. இரண்டுக்கும் மாட்டேன், பாதிதான் வேண்டும் என்றால் அந்தத் தளத்திலேயே புகார் போட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. வயர்களை மாற்றிப் பார்த்தாராம், ஆம்ப்தான். பெட்டி போட்டோவிலும் அதே மூலை உள்ளே அமுங்கியிருக்கிறது. கிளெய்ம் போட்டாயிற்று. ரிப்பேர் பில்லை நான் கட்டுகிறேன் என்றதும் சரி என்றுவிட்டார், நாளை மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறார்.