புதுப்பிப்பு: சூடான பிறகு ஸ்டார்ட் ஆக மறுத்த எக்ஸ்கவேட்டர் சரியாகிவிட்டது

காலையில் முதல் ஸ்டார்ட் நன்றாக இருக்கிறது, வேலை செய்து சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி பிடிக்க நெடுநேரம் சுற்ற வேண்டியிருக்கிறது என்று எங்கள் காமன் ரயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ‘ரயில்’ என்ற ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) எக்ஸ்கவேட்டரைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பேட்டரி, ஸ்டார்ட்டர், எர்த் வயர் மூன்றிலும் குறையில்லை. ஃபில்டர் மாற்றியும் பலனில்லை. டீசல் லைனில் உள்ளே தெரிகிற ஹோஸ் போட்டுப் பார்த்தோம். காற்றுக் குமிழி எதுவும் வரவில்லை.

கைகொடுத்தது, இன்ஜெக்டர் ரிட்டர்னை, அதாவது என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலிருந்து கசிந்து திரும்பும் டீசலை, அளந்து பார்க்கச் சொன்ன யோசனைதான். ஒவ்வொரு ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிக் குப்பியில் விட்டோம். எதிர்பாராத விஷயம், என்ஜின் குளிர்ந்திருந்தபோது எல்லாக் குப்பியிலும் ஏறக்குறைய ஒரே மட்டம்! சூடான பிறகு மூன்றாவது குப்பி மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நிரம்பியது. சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இன்ஜெக்டர் வழியாக எளிதில் கசிகிறது; ஸ்டார்ட்டர் சுற்றும் குறைந்த வேகத்தில் பம்ப்பால் அதை ஈடுகட்ட முடியவில்லை. ஸ்கேனரில் ரயில் அழுத்தம் 150 பாரைத் தாண்டவே இல்லை. இந்த வகை என்ஜின்கள் பலவற்றில் 200 பார் அளவுக்காவது வந்தால்தான் ஈசியூ (என்ஜினை இயக்கும் கணினி) டீசலைப் பீய்ச்ச விடும்.

அந்த இன்ஜெக்டரை மாற்றி, புதியதன் குறியீட்டு எண்ணை ஈசியூவில் பதிந்தோம். இப்போது சூட்டிலும் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது.

அப்புறம், இந்தச் சோதனையை என்ஜின் சூடாக இருக்கும்போதே செய்யுங்கள். உயர் அழுத்த பைப்பின் நட்டை மட்டும் என்ஜின் சுற்றும்போது தளர்த்தவே வேண்டாம். அதிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.