மயக்க ஊசி போட்டுக்கொண்டவர்கள் வாருங்கள்

முதலில் என் கதை. போன வருஷம் குடலிறக்க ஆபரேஷன். முதல் நாள் மாலை மயக்க மருந்து டாக்டர் வந்து, "பல் ஏதாவது ஆடுதா சார்?" என்றார். வயிற்று ஆபரேஷனுக்குப் பல் எதற்கு? முதுகில் போடும் ஊசி சரியாகப் பிடிக்காவிட்டால் முழு மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் விட வேண்டியிருக்கும், ஆடுகிற பல் கழன்று உள்ளே போய்விடக் கூடாதாம்.

தியேட்டரில் உட்காரவைத்து, தலையணையைக் கட்டிப்பிடித்து முதுகைக் கூன் போடச் சொன்னார்கள். தோல் மரத்துப்போக முதலில் சின்ன ஊசி, எறும்புக்கடிதான். அடுத்ததில் ஓர் அழுத்தம், அவ்வளவே. அது தண்டுவடத்தில் குத்திவிடுமோ என்றுதான் எனக்குப் பயம். ஆனால் தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்புகளின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழே, நரம்பிழைகள் நீரில் மிதக்கும் இடத்தில் இறங்குகிறது.

கொஞ்ச நேரத்தில் வெந்நீரில் வைத்தது போல உள்ளங்கால் கதகதத்தது. டாக்டர் ஸ்பிரிட் பஞ்சைத் தோளில் வைத்தார், ஜில்லென்றது. தொடையில் வைத்தார், பஞ்சு படுவது தெரிந்தது, ஜில்லிப்பு இல்லை. "தொடறது தெரியுதே டாக்டர், அறுத்தா வலிக்காதா?" என்று பதறிவிட்டேன். குளிரையும் வலியையும் கடத்தும் இழைகள் மெல்லியவை, முதலில் அடங்கும். தொடுதலைக் கடத்துபவை தடித்தவை, மெதுவாகத்தான் அடங்கும் என்றார். பேசிக்கொண்டே இடுக்கியால் கிள்ளியும் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியவே இல்லை! ஆபரேஷன் முழுக்க யாரோ வேட்டியைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. சாயங்காலம் கால் கட்டைவிரல் அசைந்த பிறகுதான் மூச்சு வந்தது.

கடைவாய்ப்பல்காரி:
எனக்குப் பல் டாக்டரிடம். வேரில் சீழ், முகம் இட்லி மாதிரி வீங்கியிருந்தது. ஈறில் இரண்டு ஊசி போட்டும் பல்லைத் தொட்டால் உயிர் போனது. மருந்து போலி என்றே நினைத்தேன். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடுமாம், அங்கே லிக்னோகெயின் என்கிற மரப்பு மருந்து நரம்புக்குள் சரியாக நுழையாதாம். அப்புறம் வீக்கத்தை விட்டுத் தள்ளி, தாடைக்குள் நரம்பு நுழைகிற இடத்திலேயே போட்டார். பாதி உதடும் நாக்கும் காணாமல் போயின. மரப்பு விடுமுன் தோசை சாப்பிட்டுக் கன்னத்தைக் கடித்துக்கொண்டது தனிக்கதை.

மருமகன்:
மாமனாருக்குப் பித்தப்பை ஆபரேஷன், முழு மயக்கம். காலையில் யாருக்கும் தெரியாமல் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டார். "காபி தண்ணிதானே மாப்பிள்ளை?" வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம் போதும், பால் கலந்துவிட்டால் சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேரம். முழு மயக்கத்தில் இருமல் வராது. வயிற்றில் இருப்பது மேலேறினால் நுரையீரலுக்குள் போய்விடும். மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள், மாமியாரின் வசவு தனி.

மறுநாள் கையில் புரோபோஃபால் என்கிற மயக்க மருந்தை ஏற்றினார்கள், பார்க்க அசல் பால் மாதிரி வெள்ளை. கொஞ்சம் எரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் நினைவில்லை என்கிறார். கண் விழித்துத் தொண்டை கரகரக்க அவர் சொன்ன முதல் வார்த்தை: "பாலே கூடாதுன்னுட்டு, பாலையே ஊசியில ஏத்திட்டாங்களே மாப்பிள்ளை!"