டிஜிட்டல் உரிமை பற்றிய இலவசக் கூட்டங்கள் சேலத்துக்குத் தேவையா?

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்:
டிஜிட்டல் உரிமைகளையும் தேர்தல் சீர்திருத்தத்தையும் பற்றி மாதம் ஒரு முறை கட்டணமில்லாப் பொதுக்கூட்டம் நடத்தலாம் என்ற யோசனை நம் வாசகர் வட்டத்தில் எழுந்திருக்கிறது. நான் அதை முழுமையாக ஆதரிக்கிறேன். தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கொடுத்தவர் பெயரை வெளியிடாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. இவை நம் ஊர்த் தேநீர்க்கடைகளுக்கு வந்து சேர்ந்தபோது, அவரவர் கட்சிக்கு வேண்டிய பாதி மட்டுமே வந்து சேர்ந்தது. இராஜாஜி நகராட்சித் தலைவராக இருந்ததும், 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாடு நடந்ததும் இதே சேலத்தில்தான். மேடைப் பேச்சு வீண் என்று நாம் சொல்வது பொருந்தாது.

செவ்வாய்ப்பேட்டை வணிகர்:
வழக்கறிஞர் ஐயா, அந்த மாநாட்டுக்கு வந்தவர்கள் தீர்மானம் நிறைவேற்ற வந்தார்கள். நம் கூட்டத்துக்கு வரப்போகிறவர்களோ செய்தித்தாளில் இவற்றையெல்லாம் ஏற்கெனவே படித்தவர்கள். மேலும், இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே கணக்குப் பார்க்கும் புத்தி எனக்கு வந்துவிடுகிறது. அரங்க வாடகையும் ஒலிபெருக்கிச் செலவும் பேச்சாளரின் பயணப்படியும் யாரோ ஒருவரின் பையிலிருந்துதான் போகும். பணம் கொடுத்தவர் யார் என்பது வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே தேர்தல் பத்திரமே ரத்தானது? அதைப் பேசப்போகும் கூட்டம் தன் வரவு செலவை வாசலில் ஒட்டி வைக்குமா? அந்தப் பணத்தில் வாரம் ஒரு மாலை உட்கார்ந்து, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு எழுதிக் கொடுத்தால், 30 நாளில் பதிலாவது கைக்கு வரும்.

ஏற்காடு ஆசிரியை:
மனு எழுதித் தருவது நல்ல பணிதான். ஆனால், தன்னிடம் கேட்கத் தகுந்த கேள்வி ஒன்று இருக்கிறது என்று அறியாதவர் மனு எழுத எப்படி வருவார்? இங்கே காபித் தோட்டங்களில் வேலை செய்யும் வயதான பெண்கள் பலருக்குக் கைரேகை தேய்ந்துவிட்டது. நியாய விலைக் கடைக் கருவி அதை ஏற்பதில்லை. உள்ளே தள்ளியிருக்கும் மலைக் கிராமங்களில் சிக்னலும் நிலையாக நிற்பதில்லை. ரேகை பொருந்தவில்லை என்பதற்காக ஒருவருக்கு உரிய பொருளை மறுக்கக் கூடாது என்றும், மாற்று முறையில் வழங்கி அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் ஆதார் ஆணையம் 2017 அக்டோபரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. திரும்பிப் போகும் பாட்டிக்கு அது தெரியாது. திருப்பி அனுப்புகிறவருக்கும் தெரியுமா என்பது ஐயமே. இதை யாராவது அவர்கள் முன் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சேலத்தில் மாலை ஆறு மணிக்குச் சொன்னால், கேட்டவர்கள் இருட்டில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்:
வணிகர் நம்பும் தகவல் உரிமைச் சட்டமே இப்போது பழைய சட்டமாக இல்லை என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். பொதுப் பணியோடு தொடர்பில்லாத அல்லது தனியுரிமையில் தேவையின்றித் தலையிடுகிற தனிநபர் விவரத்தையே 8(1)(j) பிரிவின் கீழ் முன்பு மறுக்க முடிந்தது. அதிலும் பொதுநலன் பெரிதென்றால் கொடுத்தாக வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த நிபந்தனைகளை நீக்கிவிட்டது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இனி, சாலை ஒப்பந்தக்காரர் யார் என்று கேட்டால்கூட 'தனிநபர் விவரம்' என்று ஒற்றை வரியில் பதில் வரக்கூடும். பொதுநலனே மேலோங்கினால் எந்த விலக்கையும் மீறித் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டி மேல்முறையீடு செய்யத் தெரியாதவர் அந்த ஒற்றை வரியோடு நின்றுவிடுவார்.

செவ்வாய்ப்பேட்டை வணிகர்:
ஐயா இப்போது சொன்னது அரைப் பக்கத் துண்டறிக்கையில் அடங்கிவிட்டது. ஒன்றரை மணி நேரப் பேச்சும் பொன்னாடையும் எதற்கு? வாக்குப்பதிவு இயந்திரம் பற்றிய கூட்டத்தை நினைத்தால் இன்னும் கவலையாக இருக்கிறது. வாக்களித்ததும் இயந்திரத்தோடு இணைந்த கருவி அச்சிடும் ஒப்புகைச் சீட்டுகளை முழுமையாக எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரித்துவிட்டது. அதற்குப் பிறகும் அதே பேச்சைப் பேசினால் அது கட்சிக் கூட்டமாகவே முடியும்.

அம்மாபேட்டை மென்பொருளாளர்:
அரங்கமும் வேண்டாம், துண்டறிக்கையும் வேண்டாம். காணொளியாகப் பதிந்து யூடியூபில் ஏற்றிவிடலாம் என்பது என் கருத்து. பேசுவதற்குப் பொருளும் நிறைய இருக்கிறது. 2018 மே மாதத்தில் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தியபோது என்ன நடந்தது, அத்தகைய ஆணைகளைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது நடக்கிறதா என்பதெல்லாம், கைப்பேசியில் பணம் வாங்கும் ஒவ்வொரு கடைக்காரருக்கும் தெரிய வேண்டியவை.

ஏற்காடு ஆசிரியை:
இணையம் நின்றால் என்ன ஆகும் என்பதை இணையத்தில் மட்டும் பேசலாம் என்கிறீர்கள், தம்பி. சிக்னல் இல்லாத ஊருக்குக் காணொளி எவ்வழியில் போகும்? நான் கேட்பது வேறு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதற்கு முந்தைய வாரம், அதே ஊரில், பகல் நேரத்தில் கூட்டத்தை வையுங்கள். கேட்டவர்கள் மறுவாரம் சபையில் எழுந்து நியாய விலைக் கடை பற்றிக் கேள்வி கேட்டால், அது பதிவேட்டில் ஏறும். நகரில் வார்டு மக்கள் கூடும் பகுதி சபைகளுக்கும் இப்படிச் செய்யலாம்.

செவ்வாய்ப்பேட்டை வணிகர்:
ஆசிரியை சொன்ன முறைக்கு நான் அரிசி மூட்டையே தருவேன். கைரேகை விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பேச்சு இருபது நிமிடம், மீதி நேரம் கேள்வி என்று வையுங்கள். செலவுக் கணக்கை அன்றே வாசலில் ஒட்டுங்கள். தேர்தல் பற்றிய கூட்டத்தை நான் இப்போதும் எதிர்க்கிறேன்.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்:
கணக்கை ஒட்டுவதற்கு உடன்படுகிறேன். தேர்தலை ஒதுக்குவதற்கு உடன்பட மாட்டேன். நீங்கள் குறிப்பிட்ட அதே ஒப்புகைச் சீட்டுத் தீர்ப்பு, இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் முடிவு வெளியான 7 நாள்களுக்குள் எழுதிக் கேட்டால், தொகுதியின் 5 சதவீத இயந்திரங்களைச் சரிபார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. இது தெரிந்த வாக்காளர் வதந்தியையும் நம்ப மாட்டார், 'எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்ற வெறும் உறுதிமொழியையும் நம்ப மாட்டார். கட்சிச் சாயம் பூசப்படும் என்று அஞ்சினால், எதிர்த்தரப்பில் பேச நீங்களே ஒருவரை அழைத்து வாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வணிகர்:
அழைத்து வருகிறேன். ஆனால் அவர் கடைசியில் பேசுவார். நன்றியுரைக்கு முன்பாக ஐந்து நிமிடம் ஒதுக்கும் வழக்கம் இதில் கூடாது.