கதைப்புத்தகம் மாதிரி நத்தார் சோடனை: யோசனை சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. குருநகரில் எங்கள் வீட்டுக்கு இம்முறை நத்தாருக்குப் பதினைந்து பிள்ளைகள் வரப்போகிறார்கள். கதைப் புத்தகத்துக்குள் நுழைந்த மாதிரி வீட்டைச் சோடிக்க வேண்டும் என்பது மகளின் கட்டளை. டென்மார்க் கதாசிரியர் ஆண்டர்சன் (1805–1875) கடதாசியில் உருவம் வெட்டியபடியே கதை சொல்வாராம். அதை வாசித்ததில் எனக்கும் ஆசை வந்துவிட்டது.

சரி, தொடங்கினேன். பட்டம் கட்டுகிற ரிசுக் கடதாசியில் காகம், நரி, வடை சுடுகிற ஆச்சி எல்லாம் வெட்டி விறாந்தையில் தொங்கவிட்டேன். மார்கழி மழை தெரியும்தானே. ஒரே இரவுத் தூவானத்தில் நரியின் சிவப்புச் சாயம் வழிந்து ஆச்சியின் வெள்ளைச் சேலை முழுக்க ரோஸ். காகத்துக்கு வாலே இல்லை. (வடை மட்டும் தப்பியது, அது மட்டையில் வெட்டியது.)

மரத்துக்குக் கவலையில்லை, மாமா சவுக்கங்கொப்பு கொண்டுவருவார். கடகங்களைக் கவிழ்த்து, சிவப்புத் துணி போர்த்தி, வெள்ளைப் பொட்டு ஒட்டிக் காளான் செய்யலாம் என்றிருக்கிறேன்.

உருவங்களுக்குத்தான் வழி தெரியவில்லை. பனையோலையில் வெட்டினால் ஈரத்துக்குத் தாங்குமா? ஓலையைச் சாயத்தில் போட்டு அவித்தால் நிறம் நிற்கும் என்கிறா அம்மா. எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும்? வாடகை வீடு, ஆணி அடிக்க விடமாட்டார்கள். பிறகு எதில் தொங்கவிடுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கையில் 15,000 ரூபாதான் இருக்கிறது, 24ஆம் திகதி பின்னேரத்துக்குள் முடிக்க வேண்டும்.