இன்டர்நெட் இல்லாமல் தொடர்மாடிக்குள் கோப்புப் பகிர்வு: ராஸ்பெரி பை ஒன்று போதுமா?

கடலோரம்06:
வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம், ஒழுங்கையின் இரு கரையிலும் இரண்டு தொடர்மாடிகள், மொத்தம் 42 வீடு. கடந்தகால வினாத்தாள், பாடநூல் பிடிஎஃப், கிவிக்ஸில் (இணையமில்லாமல் படிக்க உதவும் செயலி) தமிழ் விக்கிப்பீடியா எல்லாம் டேட்டா செலவில்லாமல் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். கையில் ராஸ்பெரி பை 4 (கையடக்கச் சிறு கணினி, சுருக்கமாக 'பை'), 1 டிபி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க். பையின் சொந்த வைஃபையைத் திறந்துவிட்டுப் பார்த்தோம். பத்துப் பேர் சேர்ந்தால் நின்றுவிடுகிறது. ஆண்ட்ராய்டு போன்கள் தாமாகவே டேட்டாவுக்குத் தாவுகின்றன. பென் டிரைவில் இருக்கும் நீளமான தமிழ்ப் பெயர்க் கோப்புகள் சில டிஸ்க்கில் ஏறுவதே இல்லை. எதிர்க் கட்டடத்துக்கு கேட்6 (செப்பு நெட்வேர்க்) வயர் இழுக்கலாமா? தூரம் 40 மீற்றர்.

செப்புக்கம்பி:
பையின் வைஃபையை நிறுத்திவிடுங்கள். அது ஒரு சில பேருக்குத்தான். பையை ஈதர்நெட்டால் ஒரு சுவிட்சில் கொழுவி, ஒரு மாடி விட்டு ஒரு மாடிக்கு ஒரு அக்செஸ் பாயின்ட் (வைஃபை தரும் பெட்டி) வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் வயர் போக வேண்டும். வயர் இல்லாத ரிப்பீட்டர் வேண்டாம்: ஒரே அலைவரிசையில் வாங்கித் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸில் 1, 6, 11 சனல்களை மட்டும் 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் பாவியுங்கள். வீட்டுக்கு வீடு ரவுட்டர் இருக்கும் இடத்தில் 40 போட்டால் எல்லோருக்கும் கெடும். சின்க்திங்கும் (கருவிகள் தமக்குள் நேரடியாகக் கோப்பு ஒத்திசைக்கும் செயலி) ஓட்டுவதாக இருந்தால் 'கிளையன்ட் ஐசொலேஷன்' நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் ஒரு போன் மற்றதைக் காணாது.

ஹார்ட் டிஸ்க்கிலும் கவனம். பை 4இன் யூஎஸ்பி வாய்கள் எல்லாம் சேர்ந்து 1.2 அம்பியர்தான் தரும். சுழலும் டிஸ்க் கிளம்பும்போதே 1 அம்பியருக்குக் கிட்ட இழுக்கலாம், அப்போதுதான் டிஸ்க் காணாமல் போய்த் திரும்பி வரும். எஸ்எஸ்டி போடுங்கள், இல்லையென்றால் தனி மின்சாரம் உள்ள ஹப். பதிவேற்றும் கோப்புறைக்குத் தனிப் பாட்டிஷன் ஒதுக்குங்கள். யாராவது படங்களைக் கொட்டி நிரப்பினாலும் வினாத்தாள் பக்கம் தப்பும்.

போன் தாவுவதற்கு: இன்டர்நெட் இருக்கிறதா என்று ஆண்ட்ராய்டு கூகுளின் ஒரு சோதனை முகவரியைக் கேட்டுப் பார்க்கும். அதை உங்கள் டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை) பைக்குத் திருப்பி, 204 ('சரி, உள்ளடக்கம் இல்லை' என்ற குறியீடு) என்று பதில் சொல்ல வையுங்கள்.

நள்ளிரவு_சேர்வர்:
204 வித்தை அரைவாசிதான் வேலை செய்யும். புதிய ஆண்ட்ராய்டு எச்டிடிபிஎஸ் வழியாகவும் சோதிக்கும், அதற்கு வேண்டிய கூகுளின் அடையாளச் சான்றிதழை உங்கள் பெட்டியால் காட்ட முடியாது. போன் 'மட்டுப்பட்ட இணைப்பு' என்றே சொல்லும். 'இணைப்பிலேயே இரு, மறுபடி கேட்காதே' என்பதை ஒருமுறை தெரிவு செய்ய வேண்டும். இதை விளக்கி லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினால் பாதி முறைப்பாடு குறையும். அதிலேயே ஐபி முகவரியை எச்டிடிபி முன்னொட்டோடு முழுதாக எழுதுங்கள். '.லோக்கல்' என முடியும் பெயர்கள் பழைய ஆண்ட்ராய்டில் திறக்காது. போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' (வெளி டிஎன்எஸ்ஸையே கேட்கும் அமைப்பு) போட்டிருந்தால் நீங்கள் வைத்த பெயரும் திறக்காது.

கோப்புப் பெயர்ச் சிக்கல் வேறு ரகம். பையின் டிஸ்க்கில் இருக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் பெயரின் எல்லை 255 பைட். யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'கொ' என்பது நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு இரண்டு குறி, 6 பைட். ஆக 85 குறிகளோடு பெயர் முடிந்துவிடும். பென் டிரைவின் எக்ஸ்ஃபாட் கோப்பு முறை 255 குறிகள் வரை ஏற்கும் என்பதால்தான் அங்கே நன்றாக இருந்த பெயர் இங்கே ஏறவில்லை. இன்னொன்று: 'ொ' ஒரே குறியாகவும் இருக்கலாம், 'ெ', 'ா' என இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு வேறு பெயர். பதிவேற்றும்போதே எல்லாவற்றையும் என்எஃப்சி (ஒரே குறியாகச் சேர்த்த) வடிவத்துக்கு மாற்றும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று எழுதிவிடுங்கள்.

இடிதாங்கி:
கட்டடத்துக்குக் கட்டடம் செப்பு வயர் வேண்டாம். 100 மீற்றருக்குள் கேட்6 வேலை செய்யும், அது பிரச்சினையில்லை. இரு கட்டடத்தின் எர்த்தும் ஒன்றல்ல, அதுதான் பிரச்சினை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் இடி இடிக்கும்போது பக்கத்தில் விழுந்தாலே சுவிட்ச் போய்விடும். ஒளி ஃபைபரும் இரண்டு மீடியா கன்வேட்டரும் (ஃபைபரை ஈதர்நெட்டோடு இணைக்கும் பெட்டி) போதும். ஆனால் இரும்புக் கம்பி சேர்ந்து வரும் ஃபைபரை வாங்கினால் இதே வம்புதான். ஒழுங்கைக்கு மேலால் இழுக்க அனுமதி கிடைக்காவிட்டால் வயரில்லாமல் இணைக்கும் 5 கிகாஹேர்ட்ஸ் வெளிப்புறக் கருவி ஒரு சோடி. 40 மீற்றருக்கு முழு வலு கூடாது, சிக்னல் -50 டிபிஎம் (சிக்னல் வலுவின் அலகு) அளவுக்கு வரும்வரை குறையுங்கள். மொட்டைமாடியின் உச்சியில் அல்ல, மேல்மாடி பல்கனியில் பொருத்துங்கள். கடற்காற்றில் ஆர்ஜே45 (நெட்வேர்க் வயர்) முனை பச்சை பிடிக்கும். கிரீஸ் தடவி, வாயைக் கீழ்நோக்கி வையுங்கள்.

கடலோரம்06:
நன்றி. கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் போல 13 மணித்தியாலம் போனால் தாங்குமா?

செப்புக்கம்பி:
பை, எஸ்எஸ்டி, ஒரு அக்செஸ் பாயின்ட், கன்வேட்டர் சேர்ந்து சுமார் 15 வாட். 12 வோல்ட் 7 அம்பியர்-மணி ஈய பற்றரியை அரைவாசிக்கு மேல் இறக்கக் கூடாது, அதனால் 3 மணித்தியாலம்கூட வராது. 12.8 வோல்ட் 20 அம்பியர்-மணி லிதியம் பொஸ்பேட் என்றால் இழப்புப் போக 200 வாட்-மணி, உங்கள் 13 மணித்தியாலம் சரியாக வரும். அக்செஸ் பாயின்ட் எண்ணிக்கை கூடினால் கணக்கும் கூடும், ஒவ்வொன்றுக்கும் 6 வாட் வையுங்கள். கணினி யூபிஎஸ் வேண்டாம், சுமை குறைவாக இருந்தாலும் அதன் இன்வேட்டரே பற்றரியைத் தின்றுவிடும்.

நள்ளிரவு_சேர்வர்:
மணிக்கூட்டை மறக்காதீர்கள். பை 4இல் பற்றரியோடு கூடிய கடிகாரம் இல்லை. இன்டர்நெட்டும் இல்லாதபோது, கரண்ட் போய் வந்தால் நேரம் பின்தங்கிவிடும், கோப்புகளின் திகதி எல்லாம் குழம்பும். டிஎஸ்3231 கடிகார மொடியூல் ஒன்று போடுங்கள். 5 வோல்ட்டில் அல்ல, 3.3 வோல்ட்டில் கொழுவுங்கள். மலிவான மொடியூல்களில் சார்ஜ் செய்யும் சுற்று இருக்கிறது, 5 வோல்ட் கொடுத்தால் சார்ஜ் ஏற்றக்கூடாத சிஆர்2032 பற்றரிக்குள் அது மின்சாரத்தைத் தள்ளும்.