நாவலடி வீட்டார் குழு: அம்மம்மாவின் வீடியோவுக்கு எந்தக் கார்டு?

சிவா மாமா: பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நிற்கிறேன். கஜனின் கம்ப்யூட்டருக்கு எந்தக் கிராபிக்ஸ் கார்டு? இரவு ரயிலுக்கு முதல் சொல்லுங்கள்.

நான்: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, மாமா.

சுதன் அண்ணா: மாமா, பொறுங்கள். காசு கொடுக்க வேண்டாம். கஜன், உன் பிராசசர் ஐ5 6500 தானே?

நான்: ஓம் அண்ணா.

சாந்தி மாமி: இரண்டும் 6500. சோடிப் பொருத்தம் சரிதானே?

சுதன் அண்ணா: இல்லை மாமி. ஒன்று இன்டெல் 2015இல் விட்டது, மற்றது ஏஎம்டி 2022இல் விட்டது. நம்பர் ஒன்றாய் வந்தது தற்செயல். அந்தக் கார்டுக்குத் தரவு போய்வர நாலே நாலு பாதை, அதுவும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 ஸ்லொட்டுக்குச் செய்தது. கஜனின் மதர்போர்ட் பழைய 3.0, அதில் பாதையின் வேகம் பாதியாகிவிடும். அதைவிடப் பெரிய குறை, எடிட் பண்ணிய வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கிற என்கோடரே அதில் இல்லை. நாங்கள் வாங்குவதே அம்மம்மாவின் வீடியோவுக்கு! தனி பவர் வயரும் கேட்கும். கஜனுடையது ஒபிசில் கழித்த மெஷின், அந்த வயர் இருக்குமோ தெரியாது. ஜிடிஎக்ஸ் 1650 பாருங்கள். 75 வாட், ஸ்லொட்டிலேயே கரண்ட் எடுக்கும். தனி பவர் வயருக்கு 6 பின் வைத்தும் வரும், அது வேண்டாம்.

அம்மா: மூடியைக் கழற்றினோம். பவர் சப்ளையில் 240 வாட் என்று இருக்கிறது. உள்ளே இரண்டு பல்லி முட்டை.

சாந்தி மாமி: ஐயோ, உடைத்துவிடாதீங்க.

கனடாப் பெரியம்மா: கசட்டைக் கம்ப்யூட்டர் வீடியோவாய் மாற்றி நான் அனுப்பி எவ்வளவு நாள்? திவசத்துக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது.

அம்மா: 2004இல் அல்பம் எல்லாம் கடலோடு போய்விட்டது அக்கா. அந்தக் கசட் ஒன்றுதான் மிச்சம். அன்றைக்கே ஒரு கொப்பி தந்திருக்கலாம்.

கனடாப் பெரியம்மா: தரமாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்?

சிவா மாமா: அது மறுகா பேசுங்கள். கடைக்காரத் தம்பி ஆர்டிஎக்ஸ் 3060 நல்லது என்கிறார்.

சுதன் அண்ணா: நல்ல கார்டுதான், இந்தப் பெட்டிக்கு இல்லை. 170 வாட். பவர் சப்ளை தாங்காது. கேம் போட்டாலும் நாலு கோர் பிராசசர் 100 வீதத்தில் முட்டி நிற்கும், கார்டு வேலை இல்லாமல் காத்திருக்கும். கஜன், ரேம் எவ்வளவு?

நான்: 8. ஹார்ட் டிஸ்க்கும் பழையது.

சுதன் அண்ணா: அப்போ இழுபடுவது அங்கேதான். முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாய் வேகமான எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம். அந்த ஐ5க்குள்ளேயே குயிக் சிங்க் என்கோடர் இருக்கிறது, எடிட்டிங்கில் அதை ஒன் பண்ணிப் பார். ரேம் டிடிஆர்4ஆ, டிடிஆர்3எல்ஆ என்று கழற்றிப் பார்த்துச் சொல். வகை மாறினால் ஸ்லொட்டில் ஏறாது.

கனடாப் பெரியம்மா: 12ஆவது நிமிடத்தில் அம்மா தோணியில் இருந்து கையாட்டுவா. அதை வெட்டிவிடாதே மகன்.

நான்: வெட்டமாட்டேன் பெரியம்மா.

சாந்தி மாமி: இஞ்சருங்கோ, வரும்போது என் கண்ணாடியையும் எடுத்து வாருங்கள்.

சிவா மாமா: எஸ்எஸ்டி எடுத்தாயிற்று. பாவித்த 1650 ஒன்று இருக்கிறதாம். எடுக்கவா, விடவா?

நான்: 6 பின் இருக்கா மாமா?

சிவா மாமா: படம் அனுப்புகிறேன், பார். ரேம் என்ன?

நான்: ஐந்து நிமிடம். பல்லி முட்டை அதற்குப் பக்கத்தில்தான் ஒட்டியிருக்கிறது.